வேர் இல்லாத அப்டேட்

தரவுத்தளத்தோடு பேச எஸ்.கியூ.எல் மொழியில் நான்கு வினைச்சொற்கள் தெரிந்தால் போதும். செலெக்ட் பார்க்கும், இன்சர்ட் சேர்க்கும், அப்டேட் மாற்றும், டிலீட் அழிக்கும். இந்த நான்கில் எது ஆபத்தானது என்று யூனியில் முதல் வருடம் கணினி படிக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் டிலீட் என்பார்கள். நான் அப்டேட் என்பேன். மற்றவர்களுடைய தரவுத்தளங்களைத் திறந்து, "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்பதுதான் என் தொழில். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் போன இடங்களில் பெரும்பாலும் ஓர் அப்டேட் ஒளிந்திருந்தது.

காரணம் எளிது. டிலீட் ஒரு ஓட்டையை விட்டுவிட்டுப் போகும். நேற்று 340 பிள்ளைகள் இருந்த பட்டியலில் இன்று 338 பேர்தான் என்றால் யாராவது ஒருவர் கேட்பார். அப்டேட் செய்தால் 340 அப்படியே 340 ஆக இருக்கும். பிழையான பெறுமதி சரியான பெறுமதியின் கதிரையில் நல்ல பிள்ளை போல உட்கார்ந்திருக்கும். அதற்கு முன் அங்கே இருந்தவர் யார் என்று அந்தக் கதிரை சொல்லாது.

ஒரு சொல் விளக்கம். அட்டவணையில் குறுக்கே போவதை இலங்கைப் பள்ளிப் புத்தகங்களில் நிரை என்பார்கள், மேலிருந்து கீழே போவதை நிரல் என்பார்கள். வேலைத்தலத்தில் ரோ, கொலம் என்றுதான் நாங்கள் கதைப்போம். இங்கே நிரை, நிரல் என்றே எழுதுகிறேன். அம்மா, அப்பாவிடம் கேட்டால் உடனே விளங்கப்படுத்துவார்கள்.

நீங்கள் போகும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். 117ஆம் எண் பிள்ளையை ஐந்தாம் வகுப்புக்கு ஏற்ற வேண்டும். கட்டளை இப்படி இருக்கும். ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், காதில் விழுவதுபோல இங்கே எழுதுகிறேன்:

அப்டேட் மாணவர் செற் வகுப்பு = 5 வேர் எண் = 117;

கடைசியில் வரும் அந்த 'வேர்' என்ற சொல்தான் எந்த நிரை என்பதைச் சொல்கிறது. தமிழில் அதைக் கேட்டால் மரத்தின் வேர் நினைவுக்கு வரும், பொருத்தமாகத்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, செற் வகுப்பு = 5 என்பதோடு நிறுத்தினால் 340 பிள்ளைகளும் ஐந்தாம் வகுப்பு. நேற்றுத்தான் 'அ' எழுதப் பழகிய நான்கு வயதுக் குழந்தையும் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பதினாறு வயது அண்ணாவும் ஒரே வாங்கில். தரவுத்தளம் ஏதும் திருப்பிக் கேட்காது. "340 நிரைகள் மாற்றப்பட்டன" என்று பணிவாகப் பதில் சொல்லும்.

ஏன் இப்படி வைத்தார்கள்? எட்கர் கொட் என்ற ஐ.பி.எம் ஆய்வாளர் 1970இல் எழுதிய கட்டுரையில்தான் தொடர்புசார் தரவுத்தளத்தின் அடிப்படை வந்தது. தரவைக் கணிதத்தில் வரும் தொடை போல, அதாவது ஒரு கூட்டமாகப் பார்க்கலாம் என்பது அவருடைய எண்ணம். 1974இல் சேம்பர்லின், போய்ஸ் என்ற இருவர் அதே நிறுவனத்தில் அதற்கு ஒரு மொழி எழுதினார்கள். அதன் பெயர் சீக்குவல், பிறகு எஸ்.கியூ.எல் ஆனது. அந்த மொழி நிரை நிரையாக யோசிப்பதில்லை, கூட்டமாக யோசிக்கிறது. நிபந்தனை சொல்லாவிட்டால் முழுக் கூட்டமும் என்று பொருள். செலெக்டுக்கும் அதே விதி, அப்டேட்டுக்கும் அதே விதி. தர்க்கமாகப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் பார்ப்பதற்கு மறந்துபோன நிபந்தனையால் ஒரு நீளமான பட்டியல் திரையில் ஓடும், அவ்வளவுதான். மாற்றுவதற்கு மறந்துபோன நிபந்தனையால் ஒரு நிறுவனத்தின் திங்கட்கிழமையே போய்விடும்.

மைஸீக்குவலில் இதற்கு ஒரு பாதுகாப்புப் பட்டி இருக்கிறது. 'சேஃப் அப்டேட்ஸ்' என்ற தெரிவைப் போட்டால், சாவி நிரலில் நிபந்தனையோ எத்தனை நிரை என்ற எல்லையோ இல்லாத அப்டேட்டை அது ஏற்காது. அந்தத் தெரிவுக்கு அவர்களே வைத்த இன்னொரு பெயர் 'ஐ ஆம் எ டம்மி'. நான் ஒரு மண்டு என்று நீங்களே தட்டித் தொடங்க வேண்டும்! பகிடியாகத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் எனக்கு அந்தப் பகிடி பிடிக்கவில்லை. கார் பெல்ட் போடுபவனைப் பயந்தாங்கொள்ளி என்று நாங்கள் சொல்வதில்லையே. வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

"வேர் போட மறக்க நான் என்ன குழந்தையா?" என்று நினைக்கலாம். மறக்கவே தேவையில்லை. நான் ஆலோசகராகப் போன ஒரு நிறுவனத்தில் நடந்தது இது. அங்கே ஒருவர் கட்டளையை ஒழுங்காக இரண்டு வரியில் எழுதியிருந்தார், வேர் இரண்டாவது வரியில் இருந்தது. பல கருவிகளில் திரையில் நீங்கள் நிறமடித்துத் தெரிவுசெய்த பகுதி மட்டும்தான் ஓடும். அவர் எலியை இழுத்தபோது முதல் வரி மட்டும் தெரிவானது. அதுவும் தனியே ஒரு முழுமையான கட்டளைதான், ஓடிவிட்டது. எல்லாப் பொருள்களுக்கும் ஒரே விலை. அவருடைய மேலாளர் அவரைத் திட்டினார். எனக்கு நியாயமாகப் படவில்லை. உண்மையான வாடிக்கையாளர் தரவு இருக்கும் இடத்தில் கையால் அப்டேட் தட்டும்படி ஏற்பாடு செய்து வைத்தது யார்?

வேர் இருந்தும் பிழைக்கும் இடங்கள் இன்னும் சுவாரசியமானவை. ஒரு கடைக்கு 4,000 பொருள்கள். விநியோகஸ்தர் 600 பொருள்களுக்குப் புதிய விலைப்பட்டியல் அனுப்புகிறார். பொருள் அட்டவணையில் உள்ள ஒவ்வொரு விலைக்கும் புதிய பட்டியலில் இருந்து விலையைத் தேடிப் போடு என்று எழுதுகிறீர்கள். தேடும் பகுதிக்குள்ளே 'இந்தப் பொருளின் எண்ணும் அந்தப் பொருளின் எண்ணும் ஒன்று' என்று வேர் அழகாக இருக்கிறது. ஓட்டுகிறீர்கள். 600 பொருள்களுக்கு விலை சரியாக வந்துவிடும். மற்ற 3,400க்கு? தேடிப் போன இடத்தில் ஒன்றும் கிடைக்காததால் அவற்றின் விலை வெறுமையாகிவிடும். உள்ளே இருந்த வேர் எந்த விலையை எடுப்பது என்பதைத்தான் சொன்னது. எந்தப் பொருளை மாற்றுவது என்று சொல்ல வெளியே இன்னொரு வேர் வேண்டும். புதிய பட்டியலில் இருக்கிற பொருளை மட்டும் மாற்று என்று அது சொல்ல வேண்டும். இந்தப் பிழையை அனுபவசாலிகளும் விடுகிறார்கள்.

அந்த வெறுமையை எஸ்.கியூ.எல்லில் 'நல்' என்பார்கள். பெயரில்தான் நல். அது பூச்சியமும் அல்ல, வெற்றுச் சொல்லும் அல்ல, 'தெரியாது' என்று பொருள். நகரம் லண்டன் அல்லாத எல்லோருக்கும் கட்டணத்தை மாற்று என்று எழுதினால், நகரமே பதியாதவர்கள் அதில் அகப்பட மாட்டார்கள். தெரியாத ஊர் லண்டனா இல்லையா? தெரியாது. தெரியாததற்கு ஆம் என்று சொல்ல மாட்டேன் என்று தரவுத்தளம் விட்டுவிடும். எனக்கு இந்த நேர்மை பிடிக்கும், ஆனால் அதை அறியாமல் எழுதும் அப்டேட் அரைவாசி வேலைதான் செய்யும்.

செய்ய வேண்டியவை சில, அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் அதே வேரை வைத்து ஒரு செலெக்ட். எத்தனை நிரை வருகிறது, எதிர்பார்த்தவைதானா என்று கண்ணால் பாருங்கள். பிறகு பிகின் என்று தட்டிப் பரிவர்த்தனையைத் தொடங்கி அப்டேட்டை ஓட்டுங்கள். அது சொல்லும் எண்ணிக்கை செலெக்டில் பார்த்ததோடு ஒத்தால் கொமிட். ஒத்துவராவிட்டால் ரோல்பேக், எல்லாம் பழையபடி. ஒரு நிரைக்குக்கூட இதைச் செய்யுங்கள். "ஒன்றுதானே" என்ற இடத்தில்தான் 340 வரும்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றும்போது வேறொரு சிக்கல். பொங்கல் விழாவுக்கு 10 இருக்கை மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அன்ரி 4 வாங்குகிறார், அதே நொடியில் இன்னொரு மாமா 3 வாங்குகிறார். இரண்டு பேருடைய கணினியும் 10 என்று படித்துவிட்டது. ஒன்று 6 என்று எழுதும், மற்றது 7 என்று எழுதும். யார் கடைசியோ அவருடையது நிற்கும். 7 இருக்கை விற்றும் மிச்சம் 7 என்று காட்டும், மண்டபத்தில் சண்டை நடக்கும். விடையை வெளியே கணக்குப் போட்டு எழுதாமல், மிச்சம் = மிச்சம் - 4 வேர் மிச்சம் >= 4 என்று கட்டளைக்குள்ளேயே சொல்லிவிட்டால் தரவுத்தளம் ஒருவரை முடித்துவிட்டு மற்றவரை எடுக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் தொழில்நுட்பம், ஒரு மாதத்தில் பழகிவிடும். எனக்கு உண்மையில் சொல்ல வேண்டியது வேறு.

அப்டேட் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று திருத்தம்: நாங்கள் எழுதியது தொடக்கத்திலிருந்தே பிழை. மற்றது மாற்றம்: எழுதியபோது சரி, இப்போது உலகம் மாறிவிட்டது. நீங்கள் லூஷியத்திலிருந்து ஹரோவுக்கு வீடு மாறினால் அது மாற்றம். நீங்கள் எப்போதுமே ஹரோவில் இருந்து, யாரோ லூஷியம் என்று தட்டியிருந்தால் அது திருத்தம். கட்டளையில் இரண்டும் ஒரே எழுத்து. முடிந்தபிறகு அட்டவணையில் ஹரோ என்று மட்டும் இருக்கும். போன வருடக் கடிதம் ஏன் லூஷியத்துக்குப் போனது என்று கேட்டால் பதில் இல்லை.

எங்களுடைய பெயர்களில் இது இன்னும் வலிக்கும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டியோடு இந்த நாட்டுப் படிவங்கள் காத்திருந்தன. எங்கள் அப்பாமாருக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இருக்கவில்லை, தந்தை பெயர்தான் இருந்தது. தந்தை பெயர் ஒருவருக்கு முதலாம் பெட்டியில் விழுந்தது, அவருடைய தம்பிக்கு இரண்டாம் பெட்டியில். வங்கியில் ஓர் எழுத்துக்கூட்டல், டொக்டரிடம் வேறொன்று, கடவுச்சீட்டில் மூன்றாவது. கொட் இதைத்தான் எச்சரித்தார். ஒரே செய்தியைப் பல இடத்தில் எழுதி வைத்தால், ஓர் இடத்தில் மாற்றும்போது மற்ற இடங்கள் பொய்யாகிவிடும். அதனால் ஒரு செய்திக்கு ஓர் இடம் என்பது அவர் வழி. எங்கள் வீட்டு அலமாரியில் உள்ள கடிதக் கட்டைப் பார்த்தால் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று விளங்கும்.

இரண்டு பெட்டியும் இடம் மாறிப்போன ஒருவரைச் சரிசெய்ய என்ன எழுதுவீர்கள்? செற் முதற்பெயர் = குடும்பப்பெயர், குடும்பப்பெயர் = முதற்பெயர். போஸ்ட்கிரெஸ், ஒரக்கிள், எஸ்.கியூ.எல் சேர்வர் ஆகியவற்றில் இரண்டும் அழகாக இடம் மாறும், ஏனென்றால் வலப்பக்கத்தில் உள்ளவை எல்லாம் பழைய பெறுமதிகள் என்பது மொழியின் விதி. மைஸீக்குவல் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகச் செய்யும். முதற்பெயர் முதலில் மாறிவிடும், பிறகு அந்த மாறிய பெயரே குடும்பப்பெயராகவும் போய் விழும். அப்பாவின் பெயர் காணாமல் போய், ஒருவருடைய சொந்தப் பெயர் இரண்டு தடவை. பிழைச்செய்தி எதுவும் வராது.

பழைய கணக்குப்பிள்ளைமார் இந்த விஷயத்தில் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். பேரேட்டில் ஒரு தொகை பிழைத்தால் அதைச் சுரண்டி அழிக்க மாட்டார்கள். கீழே எதிர்ப்பதிவு ஒன்று எழுதி, பிறகு சரியானதை எழுதுவார்கள். பிழையும் இருக்கும், திருத்தமும் இருக்கும், இரண்டுக்கும் திகதியும் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், தரவுத்தளங்களும் உள்ளுக்குள் ஏறத்தாழ அப்படித்தான் வேலை செய்கின்றன. போஸ்ட்கிரெஸ் அப்டேட்டில் பழைய நிரையின் மேல் எழுதுவதே இல்லை. புதிய நிரை ஒன்றை எழுதி, பழையதை முடிந்துபோனது என்று குறித்து வைக்கும். அந்த நேரத்தில் வேறொருவர் படித்துக்கொண்டிருந்தால் அவருக்குப் பழையதைக் காட்டுவதற்காக. பிறகு வக்யூம் என்ற துப்புரவுப் பணியாளர் வந்து கூட்டிக்கொண்டு போவார். இயந்திரத்துக்கு ஒரு கணமாவது பழையது தேவைப்படுகிறது. எங்களுக்குத்தான் அது குப்பை.

வைத்திருக்க வழி இல்லாமலும் இல்லை. 2011இல் வந்த எஸ்.கியூ.எல் தரத்திலேயே, ஒவ்வொரு நிரையும் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை அப்படி இருந்தது என்பதை அட்டவணையே காத்துவைக்கும் முறை சேர்க்கப்பட்டுவிட்டது. எஸ்.கியூ.எல் சேர்வர் 2016ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அதைத் தருகிறது, மரியாடிபியிலும் இருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் ட்ரிகர் ஒன்று எழுதி, பழைய நிரையை ஒரு வரலாற்று அட்டவணைக்குத் தள்ளலாம். அரைநாள் வேலை. "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் நான் எல்லா இடத்திலும் காண்பது.

பிறகு பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. நம்மவர்களுடைய கடைகள் சிலவற்றில் ஒரு மூலையில் தபால்கந்தோர் கவுண்டர் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1999இலிருந்து அந்தக் கவுண்டர்களுக்கு வந்த கணினி முறையின் பெயர் ஹொரைசன், செய்தது புஜிட்சு. கணக்கில் பணம் குறைகிறது என்று ஹொரைசன் சொன்னது. அதை நம்பி 2015 வரைக்கும் ஏறத்தாழ 700 பேர் மீது தபால்கந்தோர் நிறுவனமே வழக்குப் போட்டது. சிலர் சிறைக்குப் போனார்கள், பலர் கடையை இழந்தார்கள், வீட்டை இழந்தார்கள். கவுண்டரில் இருப்பவரைத் தவிர வேறு யாரும் அந்தக் கணக்கைத் தொட முடியாது என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது. அலன் பேட்ஸும் மற்றவர்களுமாக 555 பேர் தொடுத்த வழக்கில், 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. மென்பொருளில் பிழைகள் இருந்தன. அதுமட்டுமல்ல, கடைக்காரருக்குத் தெரியாமல் தூரத்திலிருந்து புஜிட்சு ஊழியர்களால் பதிவுகளைச் சேர்க்கவும் மாற்றவும் முடியும். பழைய ஹொரைசனில் அப்படிச் சேர்த்த சில பதிவுகள் கடைக்காரரே செய்தவை போலத் தோன்றும்.

கணக்குக் குறைந்ததற்கெல்லாம் யாரோ தூரத்திலிருந்து கைவைத்ததுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. முக்கிய காரணம் மென்பொருள் பிழைகள். ஆனால் "வேறு யாரும் தொட முடியாது, ஆகவே நீதான்" என்ற வாதம் நிற்க வேண்டுமானால், யார் எப்போது எதைத் தொட்டார் என்ற பதிவு இருக்க வேண்டும். தொட்டவரின் பெயருக்குப் பதிலாகத் தொடாதவரின் பெயர் வந்தால், அந்த அட்டவணை ஒரு பொய்ச்சாட்சி. பாராளுமன்றம் 2024 மே மாதத்தில் தனிச் சட்டம் ஒன்று கொண்டுவந்து தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக நீக்க வேண்டியிருந்தது. அதைப் பார்க்காமலே செத்துப்போனவர்களும் இருந்தார்கள்.

"அப்படியானால் எல்லாவற்றையும் என்றைக்கும் வைத்திருப்போமா?" என்று கேட்பீர்கள். அதுவும் சரியில்லை. 2018 மே 25இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய தரவுப் பாதுகாப்பு விதிகளில் 16ஆவது பிரிவு பிழையான தகவலைத் திருத்தச் சொல்லும் உரிமையைத் தருகிறது, 17ஆவது சில நிலைகளில் அழிக்கச் சொல்லும் உரிமையை. பிரித்தானியாவிலும் அதே பிரிவுகள் சட்டத்தில் உண்டு. வன்முறையான கணவனிடமிருந்து தப்பி முகவரி மாற்றிய பெண் ஒருவரின் பழைய, புதிய முகவரி எல்லாம் கடைப் பையன் தட்டிப் பார்க்கும் திரையில் இருக்கக்கூடாது. பெயர் மாற்றிக்கொண்ட ஒருவரின் பழைய பெயர் ஒவ்வொரு கடிதத்திலும் எட்டிப் பார்க்கக்கூடாது. என் கருத்து இதுதான்: பணம், மதிப்பெண், மருந்து, குடியுரிமை போல மற்றவரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் நிரைகளுக்கு வரலாறு கட்டாயம். அந்த வரலாற்றைப் பார்க்கும் உரிமை மிகச் சிலருக்கு மட்டும், குறித்த காலத்துக்கு மட்டும். உங்களுடைய செல்லப் பெயரையும் பிடித்த நிறத்தையும் மாற்றினால் பழையதை எறிந்துவிடலாம், யாருக்கும் நட்டமில்லை. எது எந்த வகை என்று முடிவெடுப்பது நிரலாளர் ஒருவர் மட்டும் செய்யும் வேலை அல்ல. ஆனால் பெரும்பாலும் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், யாரையும் கேட்காமல், அவரே முடிவெடுத்துவிடுகிறார்.

அடுத்த வருடம் உங்களில் சிலர் பயிற்சி வேலைக்குப் போவீர்கள். முதல் வாரத்தில் கேள்வி கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள், புதுப் பிள்ளைதானே என்று விடுவார்கள். அந்தச் சலுகை இருக்கும்போதே இரண்டு விஷயங்களைக் கேட்டு வையுங்கள். உண்மையான தரவில் கையால் அப்டேட் தட்டும் அனுமதி இங்கே எத்தனை பேரிடம் இருக்கிறது? அவர்கள் தட்டும்போது அவர்களுடைய பெயர் எந்த அட்டவணையில் பதிகிறது? இரண்டாவது கேள்விக்கு, "எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைத்தான் பாவிக்கிறோம்" என்று பதில் வந்தால், உங்களுக்கு அந்தக் கடவுச்சொல்லைத் தர வரும்போது வேண்டாம் என்று சொல்லி, தனியாக ஒரு கணக்குக் கேளுங்கள்.